ஒசாகா வாய்க்கால் கரையில் மதியழகன் சித்தப்பா

சித்தப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் உண்மையாக எழுதப்போகிறேன். நாளை படத்திறப்புக்கு வருகிறவர்களில் பலருக்கு அவரைச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஒசாகாவில் அவர் எப்படி இருந்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் நன்னிலத்தில் பள்ளி விட்டு வீட்டுக்கு வந்ததும், நாலரைக்கு, வீடியோ காலில் வருவார். அங்கே அப்போது இரவு எட்டு மணி. செய்தி வந்த அன்றும் அப்பாவின் போனில் அவர் பெயர்தான் வந்தது. எடுத்தவுடன், "என்ன சித்தப்பா, இன்னிக்கு எத்தனை பணியாரம்?" என்றேன். திரையில் வேறு முகம். அவரோடு அறையில் தங்கியிருந்த குத்தாலத்துச் செல்வம் அண்ணன். பின்னால் ஆணியில் சித்தப்பாவின் சட்டை தொங்கியது. "அப்பா எங்கம்மா? காலையிலேருந்து கூப்பிடுறேன்," என்றார். நடவு நாள். வீட்டில் போனை எடுக்க ஆளில்லை. சித்தப்பா காலையில் எழுந்திருக்கவே இல்லையாம்.

பணியாரம் என்று நான் சொன்னது அங்கே வாய்க்கால் கரையில் விற்பது. நம் பணியாரச் சட்டியேதான், மாவும் அப்படியேதான் ஊற்றுகிறார்கள். உள்ளே ஆக்டோபஸ் துண்டு. "ஊதி ஊதித் தின்னணும் பாப்பா. அவசரப்பட்டா நாக்கு போயிரும்," என்பார். அந்த வாய்க்காலின் இரண்டு பக்கமும் கடைகள். ஒரு கடைமேல் காலாட்டும் நண்டு, இன்னொன்றின்மேல் ஆக்டோபஸ் பொம்மை. தண்ணீர் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம். "இதுவும் வாய்க்காதான். பாய்ச்சுறதுக்குத்தான் வயல் இல்ல," என்று ஒருநாள் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று போனைப் பிடித்துக்கொண்டே சந்து சந்தாக நடப்பார். ஒரு சந்துக்குள் சின்னக் கோயில் இருந்தது. கல் சாமி, மேலெல்லாம் பாசி. வருகிறவர்கள் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அவரும் ஊற்றினார். "மேட்டூர் இன்னும் தொறக்கலையாமே? அண்ணன்கிட்ட சொல்லு, நான் இங்க ஒரு சொம்பு மொண்டு ஊத்திட்டேன்னு." அதைச் சொன்னதும் அப்பா சிரித்தார். "அவன் ஊத்துனது கடைமடைக்கு வந்து சேரட்டும்," என்றார்.

மற்ற நாட்களிலும் ஊர் சுற்றுவதாகத்தான் சொல்வார். எனக்குச் சந்தேகம் வந்தது. "சித்தப்பா, நீங்க தினம் ஒரே இடத்துலதான் நிக்கிறீங்க. அந்த ஆக்டோபஸ் எப்பவும் உங்க இடது தோளுக்கு மேலயே இருக்கு," என்றேன்.

"நீ போலீசு வேலைக்குப் போக வேண்டிய புள்ள," என்று போனைக் கீழே திருப்பினார். கையில் கடை விளம்பரப் பலகை. கக்கத்தில் இடுக்கிய சிவப்புத் தொப்பி, அதில் எட்டுக் கால். அவர் சமையல் வேலைக்குப் போயிருந்த தோசைக்கடையை மூடி எட்டு மாதம் ஆகிவிட்டதாம். இப்போது பணியாரக் கடை வாசலில் நின்று போகிறவர்களைக் கூப்பிடுகிற வேலை. "அண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம் பாப்பா."

காரணம் எங்களுக்குத் தெரியும். தாத்தா இந்த ஊருக்குத் தண்டோரா போட்டவர். சாவானாலும் ஏலமானாலும் தெருத்தெருவாக நின்று கூவ வேண்டும். தாத்தாவுக்குப் பிறகு அந்தப் பறையை எங்கள் வீட்டில் யாரும் தொட மாட்டோம் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னவர் என் அப்பா. தெருவில் நின்று கூவுகிற பிழைப்பு தம்பிக்கு வரக்கூடாது என்றுதான் அவரைக் கேட்டரிங் படிக்க வைத்தார்.

நான் சொல்லவில்லை. அவர் இறந்த பிறகும் சொல்லவில்லை. ஆனால் படத்திறப்பு நோட்டீஸில் 'ஜப்பான் தலைமைச் சமையல் கலைஞர்' என்று போட, நேற்று மாலை அப்பா அச்சகத்துக்குக் கிளம்பினார். சித்தப்பா உயிரோடு இருந்தபோது மறைத்ததை அவர் படத்துக்குக் கீழே பொய்யாக அச்சடிக்க எனக்கு மனம் வரவில்லை. சொன்ன வாக்கை மீறி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"என்னன்னு கூப்பிடுவான்?"

"அவங்க பாஷையிலதான். வாங்க, வாங்கன்னு அர்த்தமாம்."

"எங்கப்பா சாவு சொல்லிக் கூவுனாரு. இவன் சாப்பிடக் கூப்பிட்டிருக்கான்." கொஞ்சம் கழித்து, "அத எங்கிட்ட சொல்ல முடியாமப் பண்ணிட்டேனே," என்றார். நோட்டீஸில் பெயர் மட்டும் போதும் என்றார். பிறகு, அந்த இடத்தைத் தான் பார்க்க வேண்டும் என்றார்.

அப்பா கேட்டபடி, செல்வம் அண்ணன் வேலை முடிந்து, இங்கே இரவு எட்டேகாலுக்கு, அந்த வாய்க்கால் கரையிலிருந்து கூப்பிட்டார். சித்தப்பா நின்ற இடத்தில் போனை உயர்த்திப் பிடித்தார். அதே தொப்பியோடு வேறொருவன் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்பா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் போகிற வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பார்த்தேன். கூட்டத்தில் இரண்டு தடவை சித்தப்பா போல ஒருவர் திரும்பினார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அந்தக் கூட்டத்தைப் பார்த்து அவர் "வாங்க" என்று சொன்ன குரல். அது தமிழில் இல்லை. ஆனால் இழுத்துச் சொன்ன விதம் நம் ஊருடையது. யார் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே மாதிரி கூப்பிட்டார்.

"இனி என்னண்ணே காட்ட?" என்று செல்வம் அண்ணன் கேட்டார். "கொஞ்சம் இருப்பா," என்றார் அப்பா. தொப்பிக்காரன் பலகையை உள்ளே எடுத்துப் போனான். எட்டரைக்கு, அங்கே நள்ளிரவில், வாய்க்கால் கரை விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.