எனக்கு என்று சொன்ன மதினி

"பந்து வந்தா வழிவிட்டு நிக்கிறாளுங்க. இவளுங்க மேச் வெளையாடப் போறாளுங்களாம்!"

யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தின் தலைமைக் கங்காணி, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டுச் சுவரில் சாய்ந்து வெற்றிலையைக் குதப்பியபடி சொன்னது இது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை என்பது அந்தக் கோபத்தை இன்னும் கூட்டியது. இரண்டு பெண்களுக்கு நடுவில் விழுந்த பந்து, யாரும் தொடாமல் வாய்க்காலை நோக்கி உருண்டு போய்க்கொண்டிருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைப் பெருமையாகவே எழுதுகிறேன். டவுன் பள்ளிக்கூடத்தில் பாடத்தோடு வாலிபால் என்கிற கரப்பந்தும் கற்றேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்ததும், ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பெண்களில் ஆறு பேரைச் சேர்த்து ஓர் அணியை உருவாக்கினேன். பின்னேரம் பால் நிறுத்துக் கொடுத்தபின், புகைவீட்டுக்குப் பக்கத்துத் தரையில் மூங்கில் நட்டு வலை கட்டி ஆடுவோம்.

அந்த ஆறு பேரில் என் அண்ணன் மனைவியும் ஒருவர். வீட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் மதினி, அங்கே மட்டும் "என்னாங்க டீச்சரம்மா, இன்னைக்கு எத்தன தோப்புக்கரணம்?" என்று கேலி செய்வார். ஆனால் அவருக்கு நான் கால் நகர்த்தக் கற்றுக்கொடுக்கவே இல்லை. பால்வெட்டுகிறவர் கத்தியைப் பட்டையில் பதித்தபடி மரத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் நகர வேண்டும். கால் பின்னினால் கத்தி ஆழமாக இறங்கி மரம் காயப்படும். பத்து வருடமாக அப்படி நகர்ந்த கால்கள் பந்துக்கும் அப்படியே நகர்ந்தன. கையை வீசாமல் முழங்காலை மடித்து எழும்பி எடுக்க வேண்டும் என்று நான் விளக்கியபோது, "நெறஞ்ச வாளிய சிந்தாம தூக்குறமே, அப்பிடித்தானே?" என்றார். அப்படியேதான்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் பந்து நடுவில் விழுந்தது? கண்ணும் கையும் பழகவில்லை என்று நினைத்து, வாரக்கணக்கில் கூடுதலாகப் பந்து போட்டு அவர்களை வதைத்தேன். அது என் பிழை. ஒருநாள் மலையிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையில் எனக்கு முன்னால் மதினி போய்க்கொண்டிருந்தார். எதிரே கங்காணியின் மருமகள் வந்தார். மதினி தலையில் வாளியோடு பாதையை விட்டு ஓரத்து வடிகால் கானுக்குள் இறங்கி, அவர் கடந்து போகும்வரை நின்றார். யாரும் இறங்கச் சொல்லவில்லை. எங்கள் அணியில் மதினிக்குப் பக்கத்தில் ஆடுகிறவர் அந்த மருமகள்தான்.

மறுநாளே புதிய விதி போட்டேன். பந்து வரும்போது எடுக்கப்போகிறவர் "எனக்கு!" என்று கத்த வேண்டும். கத்தாமல் எடுத்தால் புள்ளி எதிர்ப்பக்கத்துக்கு. மற்றவர் உடனே பின்னால் போய்த் துணை நிற்க வேண்டும். மதினியின் வாயிலிருந்து அந்தச் சொல் கடன் கேட்பதுபோல வந்தது.

"கேக்காதீங்க மதினி, சொல்லுங்க."

"பெரிய வீட்டு அக்காவ வச்சிக்கிட்டு எப்பிடிடி கத்துறது?"

சித்திரை வருடப்பிறப்பு அன்று பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பெண்களோடு ஆடினோம். கடைசிச் சுற்றில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. எதிரணியின் பந்து அந்த இரண்டு பேருக்கும் சரியாக நடுவில் வந்தது. "எனக்கு!" என்ற சத்தம் மலையில் மோதித் திரும்பியது. மருமகள் சட்டென்று பின்னால் போனார். மதினி எடுத்த பந்து வலையோரம் அழகாக எழும்ப, அடுத்தவர் அதை அடித்து இறக்கினார். "கஹன்ன அக்கே!" என்று, அடிக்கச் சொல்லி, கிராமத்துக்காரர்களே எங்களுக்காகச் சிங்களத்தில் கத்தினார்கள். அந்தப் புள்ளி எங்களுக்குக் கிடைத்தும் ஆட்டத்தில் தோற்றோம். அதை நான் மறைக்கப்போவதில்லை.

மறுநாள் பின்னேரம் கங்காணி எங்கள் லயத்து வீட்டு வாசலுக்கு வந்தார். அண்ணன் எழுந்து சால்வையை இடுப்பில் கட்டினார்.

"ஒம் பொண்டாட்டி ஊருக்கு முன்னுக்கு எம் மருமகள அதட்டினாளாமே? வெளையாடணும்னா பின்னுக்கு நிக்கச் சொல்லு. இல்லாட்டி வேணாம்."

நான் பேசினேன். "பந்து போடுற சேவிஸ் மாறுனா எல்லாரும் ஒரு எடம் நகரணுங்க கங்காணி ஐயா. ஒருத்தரே பின்னுக்கு நிக்க முடியாது. அது சட்டம்."

"எவன் போட்ட சட்டம்?"

நான் வாயைத் திறப்பதற்குள், வாளி கழுவிக்கொண்டிருந்த மதினி நிமிர்ந்தார். தலையில் போட்ட முந்தானையை இறக்கவில்லை. குரலையும் இறக்கவில்லை.

"பந்து எனக்கு வந்திச்சிங்க. அதனால எனக்குன்னு சொன்னேன். நாளைக்கு வந்தாலும் சொல்லுவேன்."

கங்காணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். "எம் மருமக இனி வரமாட்டா" என்று சொல்லிவிட்டு அவர் போனார். மாவட்டப் போட்டி தோட்டத் தொழிலாளிகளுக்கு மட்டும் என்பதால் நான் ஆட முடியாது, ஆறு பேர் இல்லாமல் அணி இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டு வாரம் ஐந்து பேரோடு பழகினோம். அண்ணன் மதினியோடு சரியாகப் பேசவில்லை. "விட்டுருங்க மதினி" என்று ஒருமுறை நானே சொல்லிவிட்டேன். இன்றும் அதற்கு வெட்கப்படுகிறேன். "நீ எழுதப் படிச்சவ. நீயே இப்பிடிச் சொல்றியா?" என்று மட்டும் கேட்டார்.

மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கடைசி வாரம், பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் கங்காணியின் மருமகள் தனியாக வந்தார். "அந்தப் பந்து அவளுதுதான் டீச்சர். நான் எடுத்திருந்தா வெளிய போயிருக்கும்" என்றார். பிறகு, "எங்க ஒப்பம் வைக்கணும்?" என்று கேட்டார்.

காட்டினேன். நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் யட்டியாந்தோட்டைக்குப் போய், விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். ஆறு பெயரும் இருக்கின்றன. அணித் தலைவி என்ற இடத்தில் மதினியின் பெயரை மையால் எழுதியிருக்கிறேன்.