குனிந்து பார்க்காத குழு

பேருந்தில் எத்தனை வகை என்று கேட்டால் கூசாமல் நான்கு என்பேன்: சாதா, செமி டீலக்ஸ், டீலக்ஸ், சூப்பர் டீலக்ஸ். ஜன்னலில் திரைச்சீலை இல்லாவிட்டால் சாதா. திரைச்சீலையும் இருந்து அதில் குஞ்சமும் தொங்கினால் சூப்பர் டீலக்ஸ். இந்த ஞானத்தோடுதான் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பேருந்துத் தேர்வுக் குழுவில் என்னைப் போட்டார்கள். நான் மெக்கானிக்கல் படித்தவனாம். படித்தது நிஜம்தான். படித்ததை எந்த வண்டியின் மீதும் அதுவரை பிரயோகித்ததில்லை என்பதும் நிஜம்.

செங்கல்பட்டில் குடியிருந்த நாங்கள் நாற்பது பேர் தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகக் கடலோரத்தில் இருந்த அலுவலகத்துக்குப் போய்வந்தோம். பழைய ஒப்பந்த வண்டி படுத்துவிட்டதால் புதிதாக ஒன்றை அமர்த்த வேண்டியிருந்தது. என் பக்கத்து மேசையில் ஒரு திருநெல்வேலி அம்மாள் இருந்தார். முந்தைய வருடம் முதுகுத்தண்டில் அறுவை செய்துகொண்டவர். இனியும் குலுங்கிப் பயணம் செய்தால் மறுபடி படுக்கைதான், வேலையை விட்டுவிடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கணவர் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்வருபவர் என்பதால் செங்கல்பட்டை விட்டு அலுவலகத்துக்குப் பக்கத்தில் குடிவரவும் வழியில்லை.

"சார், நீங்க குழுவுல இருக்கியள்லா? குலுக்காத வண்டியாப் பாத்து எடுங்க சார். எனக்கு இந்த வேலை வேணும்" என்றார்.

"நான் பாத்துக்கறேன் மேடம், கவலையே படாதீங்க" என்றேன். சொல்லும்போது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அலுவலக வளாகத்தில் இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதல் வண்டி புதுப்பட்டினத்து பாய் ஒருவருடையது. வெளிர்நீலப் பெயின்ட், மொட்டை ஜன்னல், பொழுதுபோகாத முகம். பாய் தானே முன்வந்து விளக்கினார்.

"சார், இது பொறப்புலயே பஸ்ஸு. லாரி சேசிஸ் மேல பாடி கட்னது இல்ல. எஞ்சின் பின்னால கீது, ஸ்பிரிங் பட்டைக்குப் பதிலா காத்துப் பை கீது. கொஞ்சம் குனிஞ்சு பாரு சார், தெரியும்."

அவர் சொன்னது எல்லாம் என் பாடப்புத்தகத்தில் இருந்ததுதான். நம் ஊரில் அப்போது ஓடிய பேருந்துகளில் பெரும்பாலானவை லாரிக்குச் செய்த சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், பாடி கட்டியவை. மூட்டை சுமக்கப் போட்ட ஸ்பிரிங் பட்டைகள் விறைப்பாகத்தான் இருக்கும். மூட்டைகள் முதுகுவலி என்று புகார் எழுதுவதில்லை. பேருந்துக்கென்றே பிறந்த சேசிஸ் தாழ்வாக இருக்கும், குலுக்கலும் குறைவு. குனிந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் முதல்நாள் மழையில் தரை சேறாகியிருந்தது. அதைவிட முக்கியம், குழுத்தலைவர் குனியவில்லை. தலைவர் குனியாத இடத்தில் உறுப்பினர் குனிவது எங்கள் அலுவலகத்தில் வழக்கமில்லை.

இரண்டாவது வண்டி அச்சரப்பாக்கம் பக்கத்து முதலாளி ஒருவருடையது. முதுகில் தோகை விரித்த மயில், ஊதா நிறத் திரைச்சீலை, தேவையான குஞ்சங்கள், சாயும் இருக்கை, டி.வி. ஏறியதுமே ஊதுபத்தி மணத்தது. டிரைவருக்குப் பக்கத்தில் சிவப்பு வெல்வெட் போர்த்திய ஒரு மேடு இருந்தது.

"இங்க கூட ரெண்டு பேர் உக்காரலாம் போலிருக்கே" என்று தலைவர் வியந்தார்.

நானும் அதைத் தட்டிப் பார்த்தேன். கை சுட்டது. உள்ளே எஞ்சின் இருக்கிறது, எஞ்சின் முன்னால் இருந்தால் அடியில் இருப்பது லாரி என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. "ஆமாம் சார், நல்ல வசதி" என்றேன்.

பாய் விடவில்லை. "ரெண்டு வண்டியிலயும் சதுரங்கப்பட்டினம் வரிக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாம் சார். ரோடே சொல்லிடும்" என்றார். ஓட்டிப் பார்ப்பதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது. திரைச்சீலைக்கு உண்டு, டி.விக்கு உண்டு. அலுவலகத்துக்குள்ளே டீயும் போண்டாவும் ஆறிக்கொண்டிருந்தன. பாயின் வண்டி சாதா, மயில் வண்டி சூப்பர் டீலக்ஸ் என்று எழுதி, குழுவில் இருந்த மூன்று பேரும் கையெழுத்திட்டோம்.

"இன்னா சார் இது, ஸ்கிரீனா சார் வண்டிய தூக்குது?" என்று கேட்டுவிட்டு பாய் போய்விட்டார்.

திங்கட்கிழமை மயில் வண்டி வந்தது. திருக்கழுக்குன்றத்து வேகத்தடைகளில் சூப்பர் டீலக்ஸாகவே எங்களைத் தூக்கிப் போட்டது. டி.வியில் நகைச்சுவைக் காட்சி ஓடியது. சிரித்தவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் ஒரு தலையணை கொண்டுவந்தார், பிறகு இரண்டு. பின் வரிசையிலிருந்து நடுவுக்கு வந்தார். ஐந்தாவது வாரம் விடுப்பு. வண்டியை மாற்றித் தரும்படி நாங்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிய மனுவுக்குப் பதில் வந்தது: கொடுக்கப்பட்டிருப்பது ஆக உயர்ந்த வகை, அதற்கு மேல் வகை எதுவும் இல்லை.

அவர் வேலையை விட்டார். கடைசி நாளில் சமோசா, ஒரு சுவர்க்கடிகாரம். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறார் என்று தலைவர் உருக்கமாகப் பேசினார். அதற்குள் மயில் வண்டி டிரைவரே சொல்லி, அடியில் இருப்பது லாரி சேசிஸ் என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்திருந்தது. வாசலில் ஆட்டோ நின்றது. கடிகாரத்தை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

"சார், அது லாரி சேசிஸ்னு அன்னைக்கு உங்களுக்குத் தெரியாதா சார்?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

"தெரியாது மேடம்" என்றேன்.

"அதான பாத்தேன். தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லியிருப்பியளே" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் மெல்ல ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.