மல்லாட்டைக் களத்தில் ஒரு ஜெபக் கூட்டம்

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. வேங்கிக்கால் ஆபீஸில் என் பக்கத்து சீட்டுத் தோழிக்கு அது நன்றாகவே தெரியும். அவள் ஊர் ஜெபக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடும்போதே, "வந்து வாயை மூடிக்கினு உக்காருடி, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள்.

கீழ்பென்னாத்தூர் தாண்டி அவள் ஊர். சர்ச்சுக்குக் கூரை மாற்றிக்கொண்டிருந்ததால், பக்கத்து நிலத்துக்காரரின் களத்தில் கூட்டம். நெற்றி நிறைய விபூதி பூசுகிற மனிதர் அவர். கேட்டவுடன் களத்தில் பாதியைப் பெருக்கிக் கொடுத்துவிட்டாராம். மீதிப் பாதியில் அவருடைய மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் போகத்து நிலக்கடலை மொத்தமும் அதுதான். நனைந்தால் பூசணம் பிடித்து எதற்கும் ஆகாது.

நிழலுக்குத் தார்ப்பாய் கட்டி, கீழே பாய் விரித்திருந்தார்கள். ஒரு மைக், ஒரு டோலக். எனக்கு ஒரு பாட்டும் தெரியாது. அதற்காக விடுவேனா? எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டினேன். தோழி முறைத்தாள்.

பிறகு பாஸ்டர் "ஜெபிப்போம்" என்றார். அத்தனை பேரும் டக்கென்று கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பழக்கமே இல்லை. கோயிலில் தீபாராதனை நேரத்தில் கண்ணை மூடினால் அம்மா தலையில் குட்டுவாள். "சாமியப் பாக்கத்தானே வந்தே?" என்பாள். அதனால் முழித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஜெபமோ முடிகிற வழியாக இல்லை. வீடு வீடாக, ஆடு மாடு உட்பட ஊர் முழுக்க வேண்டிக்கொண்டிருந்தார் பாஸ்டர்.

மலைப் பக்கம் வானம் கறுத்தது. காற்றில் மண் வாசனை வந்தது. ஐயோ, மல்லாட்டை! தோழியை இடித்தேன். கண்ணைத் திறக்காமலே என் தொடையில் கிள்ளினாள். தார்ப்பாய்க்கு வெளியே நீட்டிய என் கை மேல் ஒரு சொட்டு விழுந்தது. இனி யாரால் அடக்க முடியும்?

"மழை வந்துடுச்சுங்க! மல்லாட்டை நனையப் போவுது!"

மைக்கில் "ஆமென்" என்று கேட்டது. அடுத்த நொடி பாஸ்டர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். வெள்ளைப் புடவைக்காரிகள் பாய்களை உருவிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். வாரு வாரென்று வாரி மல்லாட்டையை ஒரே குவியலாக்கினோம். நாலு பேர் தார்ப்பாயை அவிழ்த்து வந்து அதன் மேல் போர்த்தினார்கள். மூடி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. தலைக்கு மேல் ஒன்றுமில்லை. தொப்பலாக நனைந்து எல்லாரும் சிரித்தோம். பாஸ்டர் மைக் இல்லாமலே அடுத்த பாட்டை ஆரம்பித்தார்.

துண்டைப் பிழிந்துகொண்டிருந்த நிலத்துக்காரரிடம் போனேன். எனக்கோ பெருமை தாங்கவில்லை. "நல்ல வேளை, நான் பாத்தேன். நீங்க களத்து ஓரமாத்தானே நின்னுட்டிருந்தீங்க, வானத்தப் பாக்கலையா?" என்றேன்.

"உனக்கு முன்னாடியே பாத்துட்டேம்மா" என்றார். "அவங்க சாமி கும்பிட்டுனு இருக்காங்க, நடுவுல எப்படிம்மா கூப்பிடுறது? தனியா வாரலாம்னா சலசலன்னு சத்தம் கேக்கும். போனா போவுதுன்னு நின்னுட்டேன்."