பிலோமினா தூக்கிய எடைகள்

பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடி வீட்டுக்குக் குடிதண்ணீர் கேனைத் தோளில் வைத்து ஏற்றியவள் பிலோமினா. தகப்பனார் இறந்தபோது தொடங்கிய வேலை அது. அண்ணன் பிரான்சிஸ் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போயிருந்தான். தம்பி ஜெரால்டு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். கேஸ் சிலிண்டரை மாற்றுவதும், அரிசி மூட்டையை ஆட்டோவிலிருந்து மேலே கொண்டுவருவதும், அம்மா அன்னம்மாளின் மூட்டுவலி நாட்களில் அவரைத் தாங்கிக் கீழே இறக்குவதும் அவள்தான். பெண்பிள்ளை பாரம் தூக்கலாமா என்று அந்த வீட்டில் அப்போது யாரும் கேட்கவில்லை.

முப்பத்தொன்பது வயதில் அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். நாள் முழுவதும் நாற்காலி, டீ, பன். எடை எண்பத்தாறு கிலோ. அதைப் பற்றிக் கேலி இருந்தது, கவலை இருக்கவில்லை. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த ஜெரால்டின் கண்கள் மஞ்சளான பிறகுதான் அவளுடைய எடை குடும்பத்தின் பிரச்சினையாயிற்று.

ஜெரால்டு குடித்ததே இல்லை. தெரு அதை நம்பவில்லை. மஞ்சள் காமாலைக் கிருமி அவன் கல்லீரலைப் பல வருடங்களாக ஓசையில்லாமல் அரித்திருந்தது. வேறு கல்லீரல் வைக்காவிட்டால் பிழைக்க மாட்டான், உறவில் யாராவது ஒரு பகுதியைக் கொடுக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அக்காவுக்கு ரத்த வகை பொருந்தியது. பிரான்சிஸுக்கும் அதே ரத்த வகைதான். ஒல்லியானவன், சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. அவனைச் சோதனைக்கு யாரும் கூப்பிடவில்லை. அவனும் வருகிறேன் என்று சொல்லவில்லை. கல்யாணமாகாத பெண்ணின் உடம்பு குடும்பத்தின் பொதுச்சொத்து என்று எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை. ஆனால் சட்டத்தில் எழுதியிருப்பதைவிட ஒழுங்காக நம் வீடுகளில் அது கடைப்பிடிக்கப்படுகிறது.

பிலோமினா மனமுவந்துதான் முன்வந்தாள். தடையாக நின்றது அவளுடைய கல்லீரலில் படிந்திருந்த கொழுப்பு. எடையைக் குறைத்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்தால் எடுக்கலாம் என்றார் டாக்டர். எப்படிக் குறைப்பது என்று சொன்னவர் வீணா, அங்கே பிசியோதெரபிஸ்ட். தினமும் மூச்சு வாங்குகிற அளவுக்கு வேகநடை. வாரத்தில் மூன்று நாள் கனமான எடை தூக்குதல். முட்டை, சுண்டல், பருப்பு குறையக் கூடாது. நடையால் கொழுப்பு கரையும், எடை தூக்கினால் தசை நிற்கும், வயிற்றைத் திறந்து தைத்த பிறகு எழுந்து உட்காரத் தசைதான் வேண்டும் என்று அவர் கன்னடமும் தமிழும் கலந்து நிதானமாக விளக்கினார்.

இரண்டு பாதி கொண்ட அந்த அறிவுரையில் ஒரு பாதிதான் வீடு வந்து சேர்ந்தது. எடை தூக்குவது என்றதும் அன்னம்மாள் கையை ஆட்டி மறுத்தார்.

"இரும்பைத் தூக்கினா கர்ப்பப்பை எறங்கிடும்டி. அதெல்லாம் ஆம்பளைங்க வேலை."

"தண்ணி கேன் தூக்குறேனே மம்மி, அதுல எறங்கலையா?"

"அது வூட்டு வேலை."

நடைக்கு மட்டும் எல்லாரும் சம்மதித்தார்கள். ஏனென்றால் நடையை நேர்த்திக்கடனாக மாற்ற முடிந்தது. ஆகஸ்டு பிறந்தால் பெங்களூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்தே போவது வழக்கம். ஜெரால்டு பிழைப்பதற்காக அக்கா நடக்கட்டும். எடையும் குறையும், மாதாவின் அருளும் கிடைக்கும் என்று அன்னம்மாள் கணக்குப் போட்டார். பிரான்சிஸ் உடனே ஆமோதித்தான். வழிச்செலவை அவனே ஏற்றுக்கொண்டான்.

ஓசூர் தாண்டி, கிருஷ்ணகிரி தாண்டி, கொடி கட்டிய சிறு தேரின் பின்னால் பிலோமினா நடந்தாள். ஒருசந்தி இருந்தாள். பகலில் ஒரு வேளை கஞ்சியும் ஊறுகாயும். முட்டையும் மீனும் விரதத்துக்கு ஆகாது. பாதம் வெடித்தது. குதிகாலில் கொப்புளம் உடைந்து சீழ் பிடித்தது. மற்றவர்கள் அதை மாதாவுக்குக் கொடுத்த காணிக்கை என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஒவ்வொரு நாளும் உடம்பு இலேசாவதை, தம்பிக்கு ஒரு நாள் கூடுவதாக எண்ணிக்கொண்டாள்.

செப்டம்பரில் ரயிலில் திரும்பியபோது ஒன்பது கிலோ குறைந்திருந்தது. தெருவில் அன்னம்மாள் மிட்டாய் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் வீணா அவளைக் கை கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார். முதல் முறை எழுந்தாள். மூன்றாம் முறை முழங்கால் நடுங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரத்தத்தில் சத்து இறங்கியிருந்தது. காலில் புண். கல்லீரல் கொழுப்பு கொஞ்சம் குறைந்திருந்தது, போதுமான அளவுக்கு அல்ல.

"கொழுப்பைக் கரைக்கச் சொன்னா தசையைக் கரைச்சிட்டு வந்திருக்கீங்களே. சாப்பாடு இல்லாம இவ்ளோ தூரம் நடந்தா உடம்பு தன்னையேதான் தின்னும்" என்றார் வீணா. குரலில் கோபம் இல்லை. அதுதான் பிலோமினாவுக்கு அதிகம் வலித்தது.

இந்த நிலையில் அவளை மேசையில் கிடத்த முடியாது, இன்னும் ஆறேழு வாரம் வேண்டும் என்றார் டாக்டர். வேறு யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டார். அறையில் பிரான்சிஸ் இருந்தான். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ரீட்டாதான் பதில் சொன்னாள்: "இவருக்கு ரெண்டு பசங்க இருக்காங்க டாக்டர்."

மறுநாள் காலை பிலோமினா ரிச்சர்ட்ஸ் டவுனில் தகரக் கூரை போட்ட சின்னப்பாவின் ஜிம்முக்குப் போனாள். பெண்கள் வந்து பழகாத இடம். சின்னப்பா ஒரு காலத்தில் மாநில அளவில் பளுதூக்கியவர். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, முன்பு எப்போதாவது எடை தூக்கியதுண்டா என்று விசாரித்தார். தண்ணீர் கேன் தூக்குவேன் என்றாள்.

"எத்தனாவது மாடி?"

"ரெண்டாவது."

"அப்ப இத்தினி வருசமா நீங்க ஜிம்முக்குத்தான் போயிட்டிருக்கீங்க மேடம். ஃபீசு மட்டும் கட்டல."

பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

வீணா சொன்னபடியே அவளுடைய நாட்கள் மாறின. எடை தூக்கும் நாளில் முதலில் எடை; கை கால்களில் வலு இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும். பிறகு ரிச்சர்ட்ஸ் பார்க்கைச் சுற்றிச் சிறு நடை. மற்ற நாட்களில் நீண்ட நடை, ஆனால் களைத்து விழும் அளவுக்கு அல்ல. ஒரு நாள் முழு ஓய்வு. தரையில் கிடக்கும், எடை மாட்டிய கம்பியை இடுப்பை இறக்கி, முதுகை வளைக்காமல், காலால் தரையை அழுத்தித் தூக்கக் கற்றுக்கொண்டாள். அவசரப்பட்டு இரண்டு மடங்கு ஓட வேண்டும் என்று துடித்த நாட்களில் சின்னப்பா வாசலில் நின்று அவளை வீட்டுக்கு விரட்டினார். ஓய்வெடுக்கிற நாளில்தான் உடம்பு கட்டுகிறது என்று புரியவைப்பது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. துன்பப்பட்டால்தான் பலன் என்று சிறு வயதிலிருந்தே சொல்லி வளர்க்கப்பட்டவளுக்கு, அவித்த முட்டையைத் தின்றுவிட்டுப் படுத்திருப்பது பாவம் போலத் தோன்றியது.

கர்ப்பப்பை இறங்கவில்லை. இடுப்புச்சுற்று இறங்கியது. எடைக் கருவியில் முள் மெதுவாகத்தான் நகர்ந்தது; அன்னம்மாள் அதைப் பார்த்து நடைப்பயணமே மேல் என்றார். பிலோமினா தண்ணீர் கேனை ஏற்றிவைத்தாள்.

மாலைகளில் ஜெரால்டின் அருகில் உட்கார்வாள். அவன் வயிற்றில் நீர் கட்டியிருந்தது. கையும் காலும் குச்சியாகியிருந்தன. ஒரு நாள் அவள் மேல்கையைத் தொட்டுப் பார்த்தான்.

"என்னா அக்கா, கல்லு மாதிரி கீது. எனக்கு வைக்கப்போற ஈரல் பீசும் இப்டித்தானா?"

"அது மெத்துனு இருக்கும்டா. பயப்படாத."

அக்டோபர் கடைசியில் எடுத்த ஸ்கேனில் கொழுப்பு போதுமான அளவுக்கு இறங்கியிருந்தது. ரத்தம் சரியாயிருந்தது. வீணாவின் நாற்காலியிலிருந்து கை கட்டியபடியே அவர் நிறுத்தச் சொல்லும்வரை எழுந்து உட்கார்ந்தாள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.

அந்த நாள் வருவதற்குள் ஜெரால்டின் வயிற்று நீரில் கிருமி தொற்றியது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே பிரான்சிஸ் அழுதான். என்னையாவது சோதித்துப் பாருங்கள் என்று டாக்டரிடம் சொன்னான். சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லியிருந்தால் அந்த வாக்கியத்துக்கு ஓர் உயிரின் விலை இருந்திருக்கும். காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் ஜெரால்டு இறந்தான்.

மாதா கைவிட்டுவிட்டாள் என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். மாதாவை இதில் இழுக்க வேண்டியதில்லை. ஒரு பெண் இரும்பைத் தொடக் கூடாது என்று தடுத்தது ஒரு வீடு. ஓர் ஆணின் உடம்பைக் கேட்கக் கூசியதும் அதே வீடு. இந்த இரண்டுக்கும் நடுவில் போன வாரங்கள் திரும்பி வரவில்லை.

கல்லறைத் திருநாளுக்காகக் கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்தில் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் வண்டி நின்றது. பெட்டியைக் குழிவரைக்கும் தூக்கிப்போக ஆண்கள் கூடினார்கள். தலைமாட்டுக் கைப்பிடியில் பிரான்சிஸ் நின்றான். கறுப்புச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பிலோமினா அவன் பக்கத்தில் வந்தாள். சித்தப்பா ஒருவர் குறுக்கே கை நீட்டினார்.

"வேணாம்மா. பொம்பளைங்க பெட்டி தூக்கறது நம்ம வழக்கம் இல்ல."

அவள் அவரைப் பார்க்கவில்லை.

"நீ தள்ளுண்ணா" என்றாள்.

பிரான்சிஸ் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கைப்பிடியை விட்டு நகர்ந்தான். ரீட்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அன்னம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

பிலோமினா இடுப்பை இறக்கி, முதுகை நிமிர்த்தி, காலால் மண்ணை அழுத்தினாள். பெட்டி எழுந்தது. அவள் கைக்கு வந்த பாரம் அவள் பழகியிருந்த எடையில் பாதிகூட இல்லை. வெள்ளையடித்த சிலுவைகளுக்கு நடுவே, குழிவரைக்கும் அவள் கை மாற்றாமல் நடந்தாள்.