குழாயின் நடுவே ஒரு கம்பி

இங்கே ஒஃபிஸில் அவரவர் கோப்பைக்கு அவரவரே தேநீர் போட்டுக்கொள்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரை ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஜெர்மனிக்கு வந்த புதிதில் இது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. இலங்கை மலைநாட்டில், வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அடுப்பில் கேத்தல் ஏறினால், வாசலில் போகிறவருக்கும் சேர்த்துத்தான் ஏறும்.

ஆய்வுகூடத்தில் என் வேலை இரும்புக் குழாய்களின் உட்சுவரைப் பற்றியது. மின்னேற்றிய வாயுவான பிளாஸ்மாவிலிருந்து அயனிகளை வேகமாக உலோகத்துக்குள் பாய்ச்சினால் அது சீக்கிரம் தேயாது. வெளிப்பக்கத்துக்கு இது சுலபம். ஒடுங்கிய குழாய்க்குள்ளோ அயனிகள் வேகம் பிடிக்க முடியாமல் சுவரைச் சும்மா தொட்டுவிட்டு நின்றுவிடும். நடுவே மெல்லிய கம்பி ஒன்றை நிறுத்தினால் அவை வேகமெடுக்கும் என்று கம்பியூட்டரில் மொடல் செய்தேன். குளிர்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். அது என் பெயரில் நின்றால்தான் என் ஒப்பந்தம் நீளும்.

முதலில் அதைச் சிவம் அண்ணனிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரர், வேலையில் எனக்கு மூத்தவர். அட்டன் பள்ளியில் எனக்குக் கணக்குப் படிப்பித்த ஆசிரியரும் யாழ்ப்பாணம்தான். பள்ளி விட்ட பிறகும் இருந்து சொல்லித்தருவார். அந்த யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டாலே நான் நம்பிவிடுவேன்.

குழாய் செய்யும் தொழிற்சாலைக்காரர்கள் எங்கள் ஆய்வைப் பார்க்க வந்த அன்று அண்ணன் என் தோளில் கைபோட்டார்.

"தம்பி, உங்கட மலைத் தேத்தண்ணி ஒண்டு போட்டுக்கொண்டு வாருமன். வந்தவை குடிச்சுப் பாக்கட்டும்."

தங்கச்சி அனுப்பிய தூளில், பெருமையோடு ஊற்றினேன். தட்டோடு கூட்ட அறைக்குத் திரும்பினால் திரையில் என் குழாய், என் கம்பி. "இது என்னுடைய யோசனை" என்று அண்ணன் ஜெர்மன் மொழியில் விளக்கிக்கொண்டிருந்தார். விருந்தாளி கையில் கோப்பை இருக்கும்போது எங்கள் லயத்தில் யாரும் சண்டை எடுப்பதில்லை. நானும் கோப்பைகளை ஒவ்வொருவருக்காக நீட்டினேன். கோப்பைகள் காலியானபோது கூட்டமும் முடிந்துவிட்டது. ஒருவர் என்னிடம் தேநீரைப் பாராட்டி, "இந்தச் சமையலறையில் எவ்வளவு காலமாக வேலை செய்கிறீர்கள்?" என்று அன்பாகக் கேட்டார்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "அண்ணே, அது நான் செஞ்சதுங்களே?"

"ஆரின்ர பேரில போனா என்ன தம்பி? நாங்கள் எல்லாரும் தமிழாக்கள்தானே."

அவருடைய ஒப்பந்தம் நீண்டது, எனக்கு நீளவில்லை. வெள்ளைக்காரன் செய்திருந்தால் கோபப்பட்டு மறந்திருப்பேன். இதை மறக்க முடியவில்லை.

இப்போது வேறு ஊர், வேறு ஒஃபிஸ். நானும் இவர்களைப்போல யாரையும் கேட்பதில்லை. ஆனால் கேத்தலில் தண்ணீர் பிடிக்கும்போது கை பழையபடி எல்லோருக்கும் சேர்த்துப் பிடித்துவிடுகிறது. ஒரு கோப்பைக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை யாரும் பார்க்குமுன் தொட்டியில் கொட்டிவிடுகிறேன்.