படுத்தபடியே எழுதிய கப்பல் கதை வழிகாட்டி

1. ஆறாவது மாதத் தொடக்கத்தில், ஹிஞ்சவடி அலுவலகத்தில் மீட்டிங் நடந்துகொண்டிருந்தபோது என் நாற்காலி நனைந்தது. சிறுநீர் என்று நினைத்தேன். இல்லை.

2. சிஞ்ச்வட் மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்த டாக்டர் பனிக்குடம் கசிகிறது என்றார். குழந்தையின் இதயத்துடிப்பு சீராக இருந்தது. குழந்தையைச் சுற்றியிருக்க வேண்டிய தண்ணீர் குறைந்திருந்தது.

3. ஒரு வாரம் அங்கேயே வைத்திருந்துவிட்டு வாகட்டில் உள்ள வீட்டுக்கு அனுப்பினார்கள். படுக்கை, கழிப்பறை, மறுபடி படுக்கை. காய்ச்சல் வந்தால் உடனே திரும்பி வர வேண்டும்.

4. கோயம்புத்தூரிலிருந்து என் மாமியார் வந்தார்.

5. என்னோடு வேலை பார்த்த ஒருவர் வெளிநாடு போவதற்காக விமான் நகர் வீட்டைக் காலி செய்தார். போகிற போக்கில் ஓர் அட்டைப்பெட்டியை எங்களிடம் தந்தார். அதில் ஒரே எழுத்தாளர் எழுதிய பதினான்கு ஆங்கில நாவல்கள். எல்லாம் பாய்மரப் போர்க்கப்பல் கதை.

6. "சும்மா படிக்காதே. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி எழுதிக் கொடு. நம் ஆபீஸ் புத்தகக் குழுவில் ஒருவரும் இரண்டாம் புத்தகத்தைத் தாண்டவில்லை" என்றார். சரி என்றேன்.

ஏன் சரி என்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தை உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் அதன் நுரையீரலுக்கு லாபம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நாட்களைக் கடத்துவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். எது எங்கே உடையும் என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவளை இடது பக்கமாகப் படுக்க வைத்து, மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிரு என்றால் எது உடையும் என்று அவளுக்கே தெரியும்.

தொடர் இதுதான். இருநூறு ஆண்டுகளுக்கு முன், இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக் கப்பல்களைத் துரத்தும் ஓர் ஆங்கிலக் கப்பல். கோபக்காரக் கேப்டன் ஒருவர். ஆனால் கதையைத் தாங்குபவர் கப்பலின் தச்சர். குண்டு துளைத்த இடத்தை அடைப்பவர், முறிந்த பாய்மரத்துக்குப் பதில் புதியது நிறுத்துபவர். கயிற்றில் கட்டிய இரும்புக் கோலை அடித்தளத்துக்குள் இறக்கி, எவ்வளவு தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அளந்து கேப்டனிடம் சொல்பவரும் அவர்தான். வாரத்துக்கு இரண்டு முறை ஸ்கேனில் எனக்கும் அளந்தார்கள். அவருக்குத் தண்ணீர் ஏறக் கூடாது, எனக்கு இறங்கக் கூடாது. முதல் புத்தகத்திலேயே அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

வழிகாட்டியின் முதல் பகுதி சுலபமாக வந்தது. கப்பல் சொற்களுக்கெல்லாம் அகராதி தேடாதீர்கள் என்று எழுதினேன். சுக்கான், நங்கூரம், காற்று வரும் பக்கம், காற்று போகும் பக்கம், இவை நான்கும் தெரிந்தால் போதும். மற்ற கயிறுகளை மாலுமிகள் பார்த்துக்கொள்வார்கள். கேப்டனின் சிறுவயதைச் சொல்லும் நான்காம் புத்தகத்தை முதலில் படிக்கலாமா என்று கேட்பார்கள். படிக்க வேண்டாம், அவர் யாரென்று தெரியாமல் அவருடைய பள்ளிக்கூடத்தில் நமக்கென்ன வேலை. பீரங்கிச் சண்டைகளைத் தாவிப் படிக்கலாம். புயல்களைத் தாவக் கூடாது.

இன்னொரு பகுதியை நானாகச் சேர்த்தேன். இந்தத் தொடரில் கரையிலிருந்து வரும் கடிதம் கப்பலைப் பிடிக்க ஆறேழு மாதம் ஆகும். அதனால் இரண்டு கட்டம் போட்டேன்: ஒரு விஷயம் கரையில் எப்போது நடந்தது, அது கப்பலுக்கு எப்போது தெரிந்தது. எந்த இணையப் பக்கத்திலும் இது இல்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நான்காம் புத்தகம் முடிந்தபோது ஐந்தாவதைக் காணவில்லை. பெட்டியில் பார்க்கச் சொன்னேன். கட்டிலுக்கடியில் பார்க்கச் சொன்னேன்.

"அத்தை, நீங்க எடுத்தீங்களா?"

"நான் எடுத்து என்ன பண்ணப் போறேன் அம்மிணி, தாளிக்கவா?"

"புத்தகம் தானா நடந்து போகாதுங்கத்தை."

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார். "அந்த அட்டையப் பாத்தியா? கப்பல் ரெண்டாப் பொளந்து தண்ணிக்குள்ள போவுது. வவுத்துப் புள்ளக்காரி தெனமும் முழிக்கற எடத்துல அதையா வெக்கறது? அக்கட்டால வெச்சிருக்கேன். புள்ள பொறந்தொடனே தர்றேன். அடுத்தது படி, அது அம்சமா இருக்குது."

ஆறாம் புத்தகத்தின் அட்டையில் நீலத் துறைமுகம், வெயில், வெள்ளைப் பறவைகள். சண்டை போடத் தெம்பில்லை. வரிசை மாற்றிப் படிக்கக் கூடாது என்று அதற்கு முந்தின நாள்தான் எழுதியிருந்தேன். ஆறாவதைத் திறந்தேன்.

இரண்டாம் அத்தியாயத்தில் கப்பல் திருகோணமலையில் நிற்கிறது. தபால் மூட்டை வருகிறது. தச்சருக்கு ஒரு கடிதம், அவருடைய மனைவிக்காகப் பாதிரியார் எழுதியது. குழந்தை காலத்துக்கு முன்னே பிறந்தது, அன்று மாலையே போய்விட்டது, தாய் தேறிவருகிறாள். அவ்வளவுதான், இரண்டு வரி. தச்சர் கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தண்ணீர் அளக்கப் போகிறார். அடுத்த முப்பது பக்கம் ஒரு புதிய பாய்மரத்துக்கு மரம் தேடுவதைப் பற்றியது.

புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். வாழ்க்கையில் முதல் முறை. எறிந்ததும், கையை அப்படி வீசியிருக்கக் கூடாதே, கசிவு கூடியிருக்குமோ என்று பயந்து அசையாமல் கிடந்தேன். மறுநாள் ஸ்கேனில் தண்ணீர் இன்னும் குறைந்திருந்தது. நான் எறிந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் நம்பவில்லை.

"இந்தத் தண்ணீர் போதும் என்று சொல்ல மாட்டேன். இனி முடியாது என்றும் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர், இந்தியில், என் காலைத் தொட்டபடி.

வீட்டுக்கு வந்ததும் ஐந்தாவதைக் கேட்டு வாங்கினேன். அத்தை அதைச் சலவை இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்தார். அதில் கப்பல் பிளப்பது உண்மைதான், ஆனால் அது எதிரியின் கப்பல், அதுவும் கடைசி அத்தியாயத்தில். மற்றபடி தொடரிலேயே ஐந்தாம் புத்தகம்தான் சந்தோஷமான புத்தகம். அது முழுக்க அந்தத் தச்சர், வேலை இல்லாத நேரமெல்லாம், மிச்சப் பலகையில் ஒரு தொட்டில் செய்துகொண்டிருக்கிறார். மாலுமிகள் கேலி செய்கிறார்கள். கேப்டனே வந்து ஆட்டிப் பார்க்கிறார். பிறக்கப்போவது பையன் என்று பந்தயம் கட்டுகிறார்கள்.

என் கட்டத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் முதல் பலகையை அறுக்கும்போதே குழந்தை இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

வரிசைப்படி படித்திருந்தால் அந்தப் புத்தகத்தில் நான் சிரித்திருப்பேன். இப்போது ஒவ்வொரு பக்கமாக அவர் இழைப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. நிறுத்தவும் முடியவில்லை. அத்தை கஞ்சியோடு வந்தபோது முகத்தைத் துடைக்க நேரமில்லை.

"என்ன கெரகம் அது, அழுகற மாதிரி? ஒரு சமையல் புக்குப் படிக்கப்படாதா?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன், தச்சர், தொட்டில், கடிதம். கணவரும் மடிக்கணினியோடு வாசலில் நின்று கேட்டார்.

"அவனுக்கு ஆருமே சொல்லலியா?"

"நடுக்கடல்ல ஆருங்கத்தை சொல்றது?"

அத்தையின் முகம் இறுகியது. தச்சர் மேல் இரக்கம் வரும் என்று நினைத்தேன். கோபம் வந்தது. "புள்ள பொறக்கறதுக்கு மின்னாடி ஆராவது தொட்டல் செய்வாங்களா? வெள்ளக்காரனுக்கு அதுகூடத் தெரியாதா? அதான் போச்சு!"

"அம்மா, அது கதை. குழந்தை அதுக்கு முன்னாடியே..." என்று தொடங்கிய கணவர் பாதியில் நிறுத்தினார். அவர் ஆன்லைனில் வாங்கிய குழந்தைக் கட்டில், பிரிக்காத பெட்டியாக, கீழே செக்யூரிட்டி அறையில் இருந்தது. அவருக்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரியும். அவர் என்னைப் பார்த்தார். தேதிகளை இரண்டு கட்டத்தில் எழுதி வைத்திருந்தவள் நான். எது முன்னால், எது பின்னால் என்று நிரூபிக்க என்னால் முடியும்.

"திருப்பி அனுப்பிடுங்க" என்றேன்.

"எதை?" என்றார் அத்தை. மறுநாள் காலையில் கணவர் அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு என் படிப்பு கெட்டுப்போனது. மீதிப் புத்தகங்களில் கரையில் இருக்கும் பெண்களை மட்டும் தேட ஆரம்பித்தேன். யாருக்குக் குழந்தை பிறக்கிறது, எந்தக் கடிதத்தில் சேதி வருகிறது, தங்குகிறதா இல்லையா. தங்கியவை அதிகமாக இருந்தால் எனக்கும் தங்கும் என்று ஒரு கணக்கு. அலுவலகத்தில் என் குழுவில் யாராவது இப்படியொரு சோதனையை எழுதிக் கொண்டுவந்திருந்தால் சிரித்திருப்பேன். பக்கங்களைப் புரட்டிக்கொண்டேயிருந்தேன். எழுத்தாளருக்கு அந்தப் பெண்கள் மேல் அக்கறையே இல்லை. பலரைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தைகூட எழுதாமல் விட்டிருந்தார். பெரும்பாலான கட்டங்கள் காலியாகவே இருந்தன.

எட்டாம் புத்தகத்துக்கான குறிப்பை எழுதிக்கொண்டிருந்த பிற்பகலில் குளிர் எடுத்தது. போர்வை கேட்டேன். அத்தை என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு தெர்மாமீட்டரை எடுத்து வந்தார். நூற்றியொன்று. கணவர் காரை எடுக்க ஓடினார். லிஃப்டில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல சாமி" என்றார். அன்று மாலையே அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். அழுகைச் சத்தம் கேட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். மயக்க மருந்து கொடுத்தவர் மராத்தியில் என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை.

இப்போதைய நிலை. வழிகாட்டி எட்டாம் புத்தகத்தோடு நிற்கிறது. கேட்டவருக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். வெளியான வரிசையிலேயே படியுங்கள் என்பதை மட்டும் மேலே தடித்த எழுத்தில் போட்டேன். பெண் குழந்தை. எடை ஒரு கிலோவுக்குக் குறைவு. மூச்சுக் கருவியில் இருக்கிறாள். காலையிலும் மாலையிலும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்க விடுகிறார்கள். நேற்று மூச்சுக் கருவியின் அளவைக் கொஞ்சம் குறைத்தார்கள். இன்று மறுபடி கூட்டியிருக்கிறார்கள். இன்னும் பெயர் வைக்கவில்லை.