நாற்பத்தொரு பேர் பார்த்த கோப்பு

அலுவலகத்தில் எல்லோரும் அவளை அலமாரி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் காகிதக் குவியலைக் கொடுத்தாலும் கணினிக்குள் தட்டுத் தட்டாகப் பிரித்து அடுக்கிவிடுவாள். ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், மூன்றே பேர் வேலை செய்த சின்ன அலுவலகம் அது. யாராவது பழைய ஆவணங்களைக் கொண்டுவந்தால் ஸ்கேன் செய்து, தேடினால் கிடைக்கும்படி டிஜிட்டல் காப்பகம் அமைத்துக் கொடுப்பார்கள். எதை எந்தத் தட்டில் வைப்பது, அதற்கு என்ன பெயர், யார் எதைப் பார்க்கலாம் என்று திட்டம் போடுவது அலமாரியின் பொறுப்பு.

முதலில் ஒரு கல்லூரியின் ஆய்வேடுகளுக்குச் செய்தாள். ஒன்பது மாதம் துறை துறையாக ஏறி இறங்கினாள். ஆய்வேட்டை எழுதியவர், துறை, ஆண்டு, சுருக்கம் என்று நான்கு தகவல்களை வைத்தே எதையும் நொடியில் எடுக்கலாம். எவர் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்பது கல்லூரியின் விருப்பம். அப்படியே திறந்து வைத்தாள். பாராட்டு குவிந்ததில் தலை கொஞ்சம் கனத்துப்போனது.

அதன் பிறகுதான் குழந்தைகள் இல்லத்தின் கண்காணிப்பாளர் அம்மா வந்தார். இரண்டு அறை நிறைய அறுபது வருடத்துக் கோப்புகள். கரையான் ஏறத் தொடங்கியிருந்தது.

"ரெண்டு நாள் எங்ககூட வந்து உட்காருங்கம்மா. எங்ககிட்ட வளர்ந்தவங்க பெரியவங்களாகித் திரும்பி வருவாங்க. யாரு வந்து என்ன கேக்கறாங்கன்னு ஒரு தடவை பாத்துட்டா நல்லது."

"அதெல்லாம் வேண்டாங்க. பேப்பர்னா பேப்பர்தான். மூணு வாரத்துல முடிச்சுடறேன்."

சொன்னபடியே முடித்தாள். எப்படி முடித்தாள் என்பதை நினைத்தால் பிற்பாடு அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். கல்லூரிக்குப் போட்ட திட்டத்தை அப்படியே எடுத்து, எழுதியவர் என்ற இடத்தில் குழந்தையின் பெயர், துறை என்ற இடத்தில் சேர்த்த காரணம் என்று மாற்றினாள். யார் பார்க்கலாம் என்ற இடத்தை அவள் தொடவே இல்லை. அங்கே 'எவரும்' என்றே இருந்தது.

முடித்துக் கொடுத்த பதினோராம் நாள் காலையில் கண்காணிப்பாளர் ஃபோன் செய்தார். இல்லத்தில் வளர்ந்து, இப்போது தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் அவளுடைய மகள் பாடத்துக்காக இணையத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தவள், விளையாட்டாக அம்மாவின் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். முதல் வரியே வந்து நின்றிருக்கிறது: 'சேர்த்த காரணம் – தாய் சிறையில்.'

அலமாரி ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். கணினியைத் திறந்த மாத்திரத்தில் தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. பூட்டுவதற்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. பூட்டிவிட்டு, "சர்வர்காரங்க ஏதோ மாத்திட்டாங்கபோல. நான் சரிபண்ணிட்டேன்" என்றாள். பொய், தண்ணி பட்ட பாடாக வந்தது.

மதியம் தையல்காரப் பெண்ணே மாடிப்படி ஏறி வந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. சத்தம் போடுவாள் என்று அலமாரி பயந்தாள், அவள் போடவில்லை.

"எத்தனை பேர் பாத்தாங்க?"

எண்ணிக்கை திரையில் இருந்தது. குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"நாப்பத்தொரு பேருங்க."

"எங்க தெருக்காரங்களா?"

"அது தெரியாதுங்க."

தையல்காரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "என் பொண்ணுகிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன். ரெண்டு வருஷமா நாள் பாத்துட்டிருந்தேன். எந்த வார்த்தையில ஆரம்பிக்கறதுன்னுகூட யோசிச்சு வெச்சிருந்தேன். அதுக்குள்ள அந்த சர்வர்காரங்க..."

"சர்வர்காரங்க இல்லீங்க. நான்தான். எல்லாருக்கும் திறந்து வெச்சது நான்தான்."

"அப்ப காலையில ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அலமாரிக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தையல்காரி எழுந்து போனாள்.

சாயங்காலம் இல்லத்துக்குப் போய்க் கண்காணிப்பாளரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. "நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடுங்க. நாற்காலி போட்டு வைக்கறேன்" என்றார். அதற்குப் பதில் கன்னத்தில் நாலு அறை விட்டிருக்கலாம்.

இரண்டு நாள் அல்ல, இரண்டு வாரம் உட்கார்ந்தாள். வந்தவர்களில் ஒருவர்கூட வருடத்தைச் சொல்லிக் கேட்கவில்லை. "என்னை யாரு இங்க கூட்டிட்டு வந்தாங்க?" என்றார்கள். "என்கூட ஒரு தங்கச்சி இருந்தாளா?" என்றார்கள். ஒரு லாரி டிரைவர் தன் கோப்பைக் கையில் வாங்கி, திறக்காமலே திருப்பிக் கொடுத்து, "இன்னிக்கு வேண்டாம்மா, அடுத்த தடவை பாத்துக்கறேன்" என்று போய்விட்டார். அலமாரி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

பழையதைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். உரியவர் நேரில் வந்தால் மட்டும் அவருடைய கோப்பு திறக்கும். சேர்த்த காரணம் தனிப் பக்கத்தில் இருக்கும். அவர் கேட்டால்தான் அதுவும் வரும். வெவ்வேறு வருடத்தில் சேர்ந்திருந்தாலும் கூடப்பிறந்தவர்களின் கோப்புகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போடப்பட்டிருக்கும்.

தையல்காரி தன் கோப்பே அதில் வேண்டாம் என்றாள். அதை முழுவதும் அழித்துவிட்டு, மூலக் காகிதங்களைக் கண்காணிப்பாளர் அவள் கையிலேயே கொடுத்தார். அலமாரி ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கடைக்குக் கொண்டுபோனாள். மகள் மேசையருகில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. "வைங்க, படிக்கறேன்" என்று தையல்காரி மெஷினில் குனிந்துகொண்டாள். அம்மாவும் மகளும் அதற்குப் பிறகு என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அலமாரிக்குத் தெரியாது. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

இப்போதும் அதே மாடியில்தான் வேலை. போன மாதம் ஒரு மருத்துவமனையிலிருந்து நோயாளிகளின் கோப்புகளோடு வந்தார்கள். "இதை யாரெல்லாம் பாக்கக் கூடாது?" என்றுதான் முதலில் கேட்டாள். அப்படிக் கேட்கும்போது அவள் குரல் இறங்கிவிடுகிறது. வெளியே போகும்போது அவர்களில் ஒருவர் முதலாளியிடம், "இவ்ளோ பெரிய கெட்டிக்காரி, என்ன ஒரு அடக்கம்!" என்று மெச்சியது அவள் காதில் விழுந்தது. அலமாரி கீபோர்டைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.